ரேமைக் கழற்றுவதற்கு முன்
சர்வர் பார்த்துக்கொள்ளும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

பவானி, குமாரபாளையம், ஈரோடு, கோபி, பெருந்துறை வட்டாரத்தில் மில்லுக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் சர்வர் பார்த்துக்கொடுக்கும் தம்பி தங்கைகளே,

வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்வர் பேச்சுமூச்சில்லாமல் நின்றுபோச்சு என்று போன் வந்து நீங்கள் போய்ச் சேர்ந்ததும், எடுத்த எடுப்பில் பவர் பட்டனில் கை வைக்காதீர்கள். ரேம் மேல் சந்தேகம் இருந்தால் இன்னும் நிதானமாக இருங்கள்.

வழக்கமாக நடப்பது என்ன என்று உங்களுக்கே தெரியும். மாதக் கடைசி, கூலி போடுகிற நாள். ஓனர் பக்கத்திலேயே நிற்பார். பட்டனை அழுத்திப் பிடித்து மெஷினை அணைப்பார்கள். மூடியைக் கழற்றி, ரேமை உருவி, பென்சில் ரப்பரால் நாலு இழுப்பு இழுத்து, திரும்பக் குத்துவார்கள். மெஷின் கிளம்பிவிடும். "ரேம் லூசா இருந்துச்சுங்க, இப்பச் சரியாயிருச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்கு வண்டியை எடுப்பார்கள். ஓனருக்கும் நிம்மதி. அடுத்த வாரமோ அடுத்த மாதமோ அதே மெஷின் மறுபடி நிற்கும். முதல் தடவை ஏன் நின்றது என்பதற்கான தடயம் பட்டனை அழுத்திய நொடியிலேயே போய்விட்டதால், இரண்டாம் தடவையும் முதல் தடவை போலவே முடியும்.

மற்ற உறுப்புகள் கெட்டால் அவையே காட்டிக்கொடுத்துவிடும். டிஸ்க் கெட்டால் படிக்க முடியவில்லை என்று பிழை வரும். எஸ்எம்பிஎஸ் போனால் மெஷின் அணைந்துவிடும். ஃபேன் நின்றால் சத்தம் மாறும், சூடு ஏறும். ரேம் அப்படியில்லை. ரேம் பழுதான மெஷின் பல நாள் நன்றாகவே ஓடும், ஓடிக்கொண்டே தப்பான எண்ணை எழுதும். 3,150 என்று இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு எண் போய் உட்காரும். அது ஜமக்காள நெசவாளரின் கூலியாக இருக்கலாம், நூல் கிடங்கின் இருப்பாக இருக்கலாம், ஒரு தாயின் ரத்தப் பரிசோதனை முடிவாகவும் இருக்கலாம். சர்வர் நின்றுபோனது அந்தக் கதையின் கடைசிக் காட்சி மட்டுமே. எப்போதிலிருந்து தப்பாக எழுதிக்கொண்டிருந்தது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. ரேமைத் தேய்த்து மாட்டி மெஷினைக் கிளப்பிவிட்டால் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவே மாட்டார்கள்.

எனவே முதலில் தடயம். திரையில் என்ன இருக்கிறதோ அதைப் போனில் படம் எடுங்கள், பாதி எழுத்துத் தெரிந்தாலும் பரவாயில்லை. அடுத்து வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து பிங் போடுங்கள். பதில் வந்தால் கெர்னல் உயிரோடு இருக்கிறது என்று பொருள். பிங்குக்குப் பதில் சொல்வது கெர்னலின் வேலை, அதற்கு டிஸ்க்கும் வேண்டாம், டேலியும் வேண்டாம். கீபோர்டில் நம்லாக் கீயைத் தட்டிப் பாருங்கள். விளக்கு மாறினால் உள்ளே இன்னும் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பழைய பிஎஸ்2 கீபோர்டில் விளக்குகள் தாமாகவே விட்டு விட்டு மின்னினால், லினக்ஸில் அது கெர்னல் பேனிக். டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தால், மெஷின் சாகவில்லை, மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கடைசி வகையில்தான் நம் பக்கத்தில் அதிகம் ஏமாறுகிறோம். ரேம் போதவில்லை என்பது ஒரு நோய், ரேம் கெட்டுவிட்டது என்பது வேறு நோய். போதாதபோது மெஷின் டிஸ்க்கில் இடம் தேடி ஸ்வாப்பில் உருளும். பிங் வரும், உள்ளே நுழைய முடியாது. கடைசியில் லினக்ஸ் ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்று இடம் பிடிக்கும். லாக்கில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று இருக்கும். அந்த வரியில் மெமரி என்று இருப்பதைப் பார்த்து நல்ல ரேமைக் கழற்றி மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே தேவைப்படுவது மாற்று ரேம் இல்லை. கூடுதல் ரேம் வேண்டியிருக்கலாம், அல்லது மெமரியைத் தின்றுகொண்டே போகிற புரோகிராமைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கலாம்.

பிராண்டட் சர்வர் என்றால் உங்களுக்கு ஒரு சாட்சி இருக்கிறது, அதை மறந்தே போகிறோம். டெல்லில் ஐடிராக் என்பார்கள், எச்பியில் ஐஎல்ஓ என்பார்கள். பொதுவாக பிஎம்சி. போர்டிலேயே தனியாக இருக்கும் சின்னப் பிராசசர் அது. மெயின் மெஷின் செத்துக் கிடந்தாலும், கரண்ட் ஒயர் செருகியிருக்கும் வரை விழித்திருக்கும். என்ன நடந்தது என்று தன் சிஸ்டம் ஈவென்ட் லாக்கில் எழுதி வைத்திருக்கும். மெமரிப் பிழை என்றால் எந்த ஸ்லாட் என்பது வரை, ஏ2 என்றோ பி1 என்றோ, அதில் இருக்கும். அதை முதலில் எக்ஸ்போர்ட் செய்து மெயிலில் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு அப்புறம்தான் கிளியர் செய்வது. அந்த லாக்குக்கு இடம் கொஞ்சம்தான், சில மெஷின்களில் நிரம்பிவிட்டால் புதிதாக எதையும் எழுதாது. இன்னொன்று, பிஎம்சியின் கடிகாரம் பல இடங்களில் நம் நேரத்தில் இருக்காது, ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். காலை 9:30-க்கு நின்ற சர்வருக்கு 4 மணி என்று பதிவாகியிருந்தால் இது வேறு சம்பவம் என்று தள்ளிவிடாதீர்கள்.

அடுத்து மெஷினின் சொந்த லாக். லினக்ஸில் முந்தைய ஓட்டத்தின் ஜர்னலைப் பாருங்கள். பல இடங்களில் ஜர்னல் ரேமிலேயே இருந்து ரீஸ்டார்ட்டில் அழிந்துபோகிறது, டிஸ்க்கில் தங்கும்படி இன்றைக்கே மாற்றிவிடுங்கள். 'ஹார்ட்வேர் எரர்', 'மெஷின் செக்', எடாக் என்கிற பெயர்கள் கண்ணில் பட்டால் அந்த வரியை அப்படியே எடுத்து வையுங்கள். ராஸ்டீமன் என்ற புரோகிராமைப் போட்டு வைத்தால் இந்தப் பிழைகளை ஸ்லாட் வாரியாகச் சேர்த்து வைக்கும். விண்டோஸில் வீயா லாகர் என்ற தலைப்பில் தேடுங்கள். கெர்னல் பவர் 41 என்று ஒரு வரி எப்போதும் இருக்கும். மெஷின் ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர அது பெரும்பாலும் எதையும் சொல்லாது. நீங்கள் பட்டனை அழுத்தி அணைத்தாலும் அதே வரிதான் வரும்.

இந்த லாக்குகள் பேச வேண்டுமானால் உள்ளே இசிசி ரேம் இருக்க வேண்டும். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஓனர்களிடம் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

ரேமின் ஒவ்வொரு பிட்டும் துளி மின்சாரம் தாங்கிய சின்னக் கெப்பாசிட்டர். அது கசிந்துகொண்டே இருக்கும். அதனால் 64 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் படித்துத் திரும்ப எழுத வேண்டும். சிப்பின் சூடு 85 டிகிரியைத் தாண்டினால் கசிவு கூடும், அப்போது 32 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை எழுத வேண்டும். கோடிக்கணக்கான கெப்பாசிட்டர்களில் ஒன்று பலவீனமானாலும் 1 என்று எழுதியது 0 என்று திரும்பி வரும். சாதாரண ரேம் அதை அப்படியே நம்பி சிபியுவிடம் கொடுத்துவிடும். இசிசி ரேம் ஒவ்வொரு 64 பிட்டுக்கும் கூட 8 பிட் சேர்த்து வைக்கிறது. கணக்குப்பிள்ளை சிட்டையில் குறுக்குக் கூட்டலும் நெடுக்குக் கூட்டலும் போட்டு வைக்கிறார் அல்லவா, ஒரு கட்டத்தில் எண் மாறினால் அந்த வரிசையின் கூட்டும் அந்தப் பத்தியின் கூட்டும் உதைத்து, தப்பு எந்தக் கட்டத்தில் என்பதைக் காட்டிவிடும். அந்த 8 பிட்டின் வேலையும் அதுதான். ஒரு பிட் புரண்டால் திருத்திவிடும், லாக்கில் பதிவாகும். இரண்டு பிட் புரண்டால் திருத்த முடியாது, ஆனால் தப்பு என்று தெரிந்துவிடும். அப்போது பெரும்பாலும் மெஷினே நின்றுவிடும். தப்பான எண்ணை எழுதுவதைவிட நின்றுபோவது மேல் என்பது அதன் தீர்மானம். அப்படி நின்ற சர்வரைத் திட்டுவது நியாயமில்லை, அது ஓனரின் கணக்கைக் காப்பாற்றியிருக்கிறது.

இந்த வழியை வகுத்தவர் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் இருந்த ரிச்சர்ட் ஹேமிங். வாரக் கடைசியில்தான் அவருக்கு ரிலே கம்ப்யூட்டர் கிடைக்கும். வெள்ளிக்கிழமை வேலையைக் கொடுத்துவிட்டுத் திங்கள்கிழமை வந்து பார்த்தால், எங்கோ ஒரு பிழையைக் கண்டுபிடித்து மெஷின் அந்த வேலையைக் கைவிட்டிருக்கும். பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த மெஷினுக்கு அது எங்கே இருக்கிறது என்றும் தெரிந்து ஏன் திருத்திக்கொள்ளக் கூடாது என்று யோசித்தார். 1950-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் வழியில்தான் இன்றைய சர்வரில் அந்த 8 பிட் உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பாதுகாப்பு இல்லாமல் பெரிய மெஷின் கட்டிப் பார்த்தவர்களும் உண்டு. 2003-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 1,100 பவர் மேக் ஜி5 மெஷின்களைச் சேர்த்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் அமைத்தது. அந்த நவம்பரில் உலக வரிசையில் மூன்றாவது இடம் பிடித்தது. அந்த மெஷின்களில் இசிசி கிடையாது. மறு வருஷமே அத்தனையையும் எடுத்துவிட்டு இசிசி உள்ள எக்ஸ்சர்வ் மெஷின்களைப் போட்டார்கள்.

"காஸ்மிக் கதிர் வந்து ஒரு பிட் புரண்டிருக்கும்" என்று சொல்லி ஒதுக்குகிறவர்களையும் பார்க்கிறேன். கதிர் பொய்யில்லை. நம் பவானி ஆறு பிறக்கும் நீலகிரியில், ஊட்டியில், சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 நிலையம் இந்தக் கதிர்களை வருஷக்கணக்காக அளந்துவருகிறது. அங்கே 560 சதுர மீட்டர் பரப்பில் மியூவான் துகள்களைப் பிடிக்கும் கருவி இருக்கிறது. கதிரால் பிட் புரளும் என்பதும் உண்மை. 2003 மே 18-இல் பெல்ஜியம் தேர்தலில் ஸ்கார்பீக் என்ற ஊரில் ஒரு வேட்பாளருக்கு வரவே முடியாத அளவுக்கு ஓட்டு வந்தது. மறுபடி எண்ணியதில் 4,096 ஓட்டு கூடுதல் என்று தெரிந்தது. 4,096 என்பது சரியாக ஒரு பிட்டின் மதிப்பு. சந்தேகம் இன்றும் கதிரின் மேல்தான் இருக்கிறது.

ஆனால் கதிர் ஒரே இடத்தைத் தேடி வந்து மறுபடி மறுபடி அடிக்காது. கூகுளின் சர்வர்களை 2006 முதல் 2008 வரை இரண்டரை வருஷம் கவனித்து பியாங்கா ஷ்ரோடரும் இரண்டு கூகுள் ஆராய்ச்சியாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டுகிறது. வருஷத்துக்கு மூன்றில் ஒரு மெஷினில் திருத்தக்கூடிய மெமரிப் பிழை ஒன்றாவது வந்தது. ரேம் கார்டுகளை எடுத்துக்கொண்டால் 8 சதவீதத்துக்கு மேல். அது எல்லாக் கார்டிலும் சமமாகப் பரவி வரவில்லை. ஒரு முறை பிழை காட்டிய கார்டு அதே மாதத்தில் மறுபடி காட்டும் வாய்ப்பு மற்றதைவிடக் குறைந்தது 13 மடங்கு. திருத்த முடியாத பிழை வந்த மெஷின்களில் 70 முதல் 80 சதவீதத்தில், அதே மாதமோ முந்தைய மாதமோ திருத்தக்கூடிய பிழை வந்து எச்சரித்திருக்கிறது. பெரும்பாலும் கார்டே பழுது என்பதுதான் அவர்கள் கண்ட முடிவு. ஆகையால் லாக்கில் ஒரே ஸ்லாட் பெயர் இரண்டாம் முறை வந்தால் ஆகாயத்தைக் காரணம் சொல்லாதீர்கள். சர்வர் நிற்பதற்கு ஒரு மாதம் முன்பே அந்தக் கார்டை மாற்ற உங்களுக்கு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது.

இசிசி இல்லாத மெஷினில் என்ன செய்வது? நம் வட்டாரத்தில் சர்வர் என்று பெயர் வைத்து ஓடுபவற்றில் பல, டெஸ்க்டாப் போர்டும் பெரிய கேபினெட்டும்தான். அங்கே நோயைக் குணத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். புரோகிராம் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விழும். டேட்டாபேஸ் இண்டெக்ஸ் காரணமில்லாமல் உடையும். நேற்று திறந்த ஜிப் கோப்பு இன்று சிஆர்சி எரர் என்னும், நாளை மறுபடி திறக்கும்.

ஒரு நூற்பாலையில் பார்த்ததைச் சொல்கிறேன். இரவு எடுக்கும் பேக்கப் சில நாள் திறக்கும், சில நாள் திறக்காது. டிஸ்க் மாற்றினார்கள், வைரஸ் என்று ஃபார்மேட் அடித்தார்கள், தீரவில்லை. அந்த மெஷினில் 8 ஜிபி ரேம். அதைவிடப் பெரிய ஒரு கோப்பை எடுத்து அதன் செக்சம்மைப் போட்டோம். திரும்பவும் போட்டோம். இரண்டு விடையும் வேறு. யாரும் தொடாத ஒரே கோப்பு. டிஸ்க்கில் கோளாறு என்றால் படிக்க முடியவில்லை என்று பிழை வந்திருக்கும். சத்தமே இல்லாமல் விடை மாறுவது பெரும்பாலும் ரேமின் குணம். கோப்பு ரேமைவிடப் பெரிதாக இருப்பது இங்கே முக்கியம். சிறிய கோப்பு என்றால் இரண்டாம் முறை டிஸ்க்குக்கே போகாமல், ரேமில் தங்கியிருக்கும் நகலிலிருந்தே விடை சொல்லிவிடும். அந்த நகல் தப்பாக இருந்தாலும் ஒரே தப்பையே திரும்பத் திரும்பச் சொல்லும், நீங்கள் சரி என்று நம்பிவிடுவீர்கள்.

பிறகு மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனையைப் போட்டோம். முதல் சுற்றில் எதுவும் வரவில்லை. அங்கேயே நிறுத்தியிருந்தால் ரேம் நல்லது என்று எழுதிக்கொடுத்திருப்போம். ஏசி இல்லாத அந்த அறை மத்தியானம் கொதிக்க ஆரம்பித்த பிறகுதான் சிவப்பு வரிகள் வந்தன. எழுதியதற்கும் திரும்பி வந்ததற்கும் ஒரே ஒரு பிட் வித்தியாசம். ஒவ்வொரு வரியிலும் அதே பிட். அதனால் சோதனையை ஒரு சுற்றோடு முடிக்காதீர்கள். ராத்திரி முழுக்க ஓடட்டும், முடிந்தால் பகல் சூட்டிலும் ஓடட்டும். இசிசி மெஷினில் மெம்டெஸ்ட் சுத்தமாக வந்தால் அதையும் அப்படியே நம்ப வேண்டாம். பிழையை ஹார்ட்வேரே திருத்திவிட்டிருக்கும், சோதனைக்குத் தெரிந்தே இருக்காது. அங்கே பிஎம்சி லாக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

மெம்டெஸ்டில் பிழை வந்தாலும் குற்றவாளி கார்டுதான் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. மெமரி கண்ட்ரோலர் இப்போது சிபியுவுக்குள்ளேயே இருக்கிறது. ஏஎம்டி 2003-லும் இன்டெல் 2008-லும் சர்வர், டெஸ்க்டாப் சிப்புகளில் அப்படிக் கொண்டுவரத் தொடங்கின. ஆகவே சிபியு சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தாலும் ரேம் பழுது மாதிரியேதான் தெரியும். ஸ்லாட்டில் தூசி, பயாஸில் வேகம் கூட்டி வைத்தது, ஒன்றோடொன்று சேராத இரண்டு கம்பெனிக் கார்டுகள், வயதான எஸ்எம்பிஎஸ், இவை எல்லாமும் அதே வேடம் போடும். முதலில் பயாஸை டீஃபால்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். எந்தக் கார்டு எந்த ஸ்லாட்டில், அதன் சீரியல் நம்பர் என்ன என்று காகிதத்தில் எழுதி, கார்டு மேலும் டேப் ஒட்டிக் குறியுங்கள். சந்தேகப்படும் கார்டையும் நல்ல கார்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். பிழை கார்டோடு போனால் கார்டு பழுது. ஸ்லாட்டிலேயே நின்றால் ஸ்லாட், போர்டு, சிபியு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அவசரத்தில் மூன்றை ஒன்றாக மாற்றி மெஷின் கிளம்பிவிட்டால் எது சரி செய்தது என்று உங்களுக்கும் தெரியாது. சர்வர் போர்டில் எந்த ஸ்லாட்டை முதலில் நிரப்ப வேண்டும் என்று வரிசை உண்டு, மூடியின் உள்பக்கமே பெரும்பாலும் ஒட்டியிருப்பார்கள். அந்த வரிசை தவறினால் நல்ல ரேமோடும் சில போர்டுகள் கிளம்பாது.

உலகத்தில் லினக்ஸை நன்றாக அறிந்தவர் யார் என்றால் அதை எழுத ஆரம்பித்த லினஸ் டோர்வால்ட்ஸைத்தான் சொல்வோம். 2022 அக்டோபரில் அவருடைய மெஷினே காரணமில்லாமல் தடுமாறியது. இரண்டரை வருஷம் சிக்கலில்லாமல் ஓடிய மெஷின். புதிதாகச் சேர்த்த மென்பொருளில் பிழையோ என்றுதான் முதலில் அவரும் தேடினார். கடைசியில் ஒரு ரேம் கார்டு. அந்த மெஷினில் இசிசி ரேம் இல்லை.

இனி நம் ஊருக்கே உரிய சங்கதிகள். ரப்பர் தேய்ப்பதை விட்டுவிடுங்கள். கார்டின் தங்க முலாம் மெல்லியது, தேய்க்கத் தேய்க்கப் போகும், ரப்பர் தூளும் ஸ்லாட்டுக்குள் விழும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் நூல் பிரியாத துணியும் போதும். ஸ்லாட்டைச் சுத்தமான காற்றால் ஊதுங்கள். மில்லுக்குள் இருக்கும் சர்வரில் பஞ்சு படியும். ஹீட்சிங்க் இடுக்கில் கம்பளி மாதிரி அடைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வெப்பம் ரேமைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்று அந்த கூகுள் ஆய்வு சொல்கிறதே என்று கேட்பீர்கள். அது குளிரூட்டிய டேட்டா சென்டரின் கணக்கு. சித்திரையில் ஈரோட்டு வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, ஜன்னல் அடைத்த ஸ்டோர் ரூமில் பஞ்சு அடைத்த மெஷினுக்கு அது பொருந்தாது.

நிலைமின்சாரத்தைப் பற்றி மில்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஈரப்பதம் குறைந்தால் பஞ்சு ரோலரில் ஒட்டி இழை அறுகிறது என்பதற்காகத்தான் ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்ட் ஓடுகிறது. ஆனால் சர்வர் அறைக்குள் பாலியெஸ்டர் சட்டையோடு நுழைந்து வெறுங்கையால் ரேமைப் பிடிக்கிறோம். அப்போது கையிலிருந்து பாயும் பொறி கண்ணுக்குத் தெரியாது, கார்டு உடனே சாகவும் சாகாது, பலவீனமாகி சில மாதம் கழித்துப் பிழை காட்டும். மணிக்கட்டுப் பட்டை விலை பெரிதில்லை, வாங்கிப் பையில் வையுங்கள். பட்டனில் அணைத்தால் போதாது, ஒயரையும் உருவுங்கள், சர்வருக்கு இரண்டு எஸ்எம்பிஎஸ் இருந்தால் இரண்டையும்.

கார்டு மாற்றியாயிற்று, மெஷின் ஓடுகிறது. வேலை முடியவில்லை. டேட்டாவைச் சோதியுங்கள். எஸ்க்யூஎல் சர்வர் என்றால் செக்டிபி ஓட்டுங்கள், மற்றதற்கும் அதனதன் சோதனை உண்டு. அது சுத்தமாக வந்தாலும் முழு நிம்மதி வேண்டாம். டேட்டாபேஸ் ஒவ்வொரு பக்கத்துக்கும் செக்சம் போடுவது அதை டிஸ்க்குக்கு அனுப்பும் நேரத்தில்தான். அதற்கு முன்பே ரேமில் எண் புரண்டிருந்தால், தப்பான எண்ணுக்குச் சரியான செக்சம் கிடைத்துவிடும். இதைப் பிடிக்க மனிதர்தான் வேண்டும். கணக்கரை உட்கார வைத்து, கடைசி சில மாத இருப்பையும் கூலியையும் பில் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பேக்கப்புகள் மேல் புதிதை எழுதுவதை அதுவரை நிறுத்தி வையுங்கள். சந்தேகக் காலத்துக்கு முந்தைய பேக்கப் ஒன்றை வேறொரு மெஷினில் திறந்து பாருங்கள்.

ஓனர்களிடம் கொட்டேஷன் கொடுக்கும்போது இசிசி என்ற வரியை விட்டுவிடாதீர்கள். விலை கூடுதல்தான். "எதுக்குங்க அவ்ளோ, சாதா ரேமே போதுமுங்க" என்பார்கள். மேலே சொன்ன சிட்டைக் கூட்டலைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். நம் ஊர் முதலாளிகளுக்குக் கணக்கு உதைப்பது என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். 'டிடிஆர்5 எல்லாமே இசிசிதானுங்க' என்று கடைக்காரர் சொன்னால் ஏற்காதீர்கள். டிடிஆர்5 சிப்புக்குள் இருக்கும் திருத்தம் அந்தச் சிப்போடு சரி. சிப்பிலிருந்து சிபியு வரையுள்ள வழிக்கு அது காவலில்லை, லாக்கிலும் எதையும் எழுதாது. கார்டு வந்து மாட்டியதும் டிஎம்ஐடிகோட் என்ற கட்டளையை ஓட்டிப் பாருங்கள். டிடிஆர்4 என்றால் டோட்டல் விட்த் 72, டேட்டா விட்த் 64 என்று இருக்க வேண்டும். டிடிஆர்5 என்றால் டோட்டல் விட்த் 80 அல்லது 72, டேட்டா விட்த் 64. இரண்டும் 64 என்றால் இசிசி இல்லை. இசிசி கார்டு மாட்டியும் போர்டு அதைப் பயன்படுத்தாமல் விடுவதும் உண்டு, எரர் கரெக்ஷன் டைப் என்ற வரியையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது. பழுது என்று கழற்றிய கார்டு எங்கே போகிறது? கடை மேசை டிராயருக்கு. அங்கிருந்து யாரோ எடுத்து 'செகண்ட் ஹேண்ட், டெஸ்டட்' என்று ஈரோட்டிலோ கோயம்புத்தூரிலோ சென்னை ரிச்சி தெருவிலோ விற்றுவிடுகிறார்கள். பயாஸ் கிளம்புகிறது என்பதே அவர்களுக்கு டெஸ்ட். அந்தக் கார்டு ஏதோ ஒரு கிராமத்து லேப் மெஷினில் போய் உட்காருகிறது. கழற்றிய உடனே பெர்மனென்ட் மார்க்கரால் 'பழுது' என்று எழுதுங்கள், தேதியும் ஸ்லாட்டும் மெஷினும் கூடவே. வாரண்டி இருந்தால் கம்பெனிக்கு அனுப்புங்கள், பல கம்பெனிகள் பல வருஷ வாரண்டி கொடுக்கின்றன. வாரண்டி இல்லை என்றால் கார்டை இரண்டாக உடைத்து மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். உடைக்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
பவானியிலிருந்து ஒரு சர்வீஸ்காரர்